கூட நடக்கிற ஆள்

ஜூன் 3, திங்கள்

வசந்தாமணி எப்போது விழுகிறாள், எங்கே விழுகிறாள், அந்த நேரம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் நரம்பு டாக்டர். அடுத்த முறை போகும்போது சொல்ல வேண்டுமாம். எழுதுவது எனக்குப் புதிதில்லை. பம்புசெட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவிலேயே என் சர்வீஸ் முழுவதும் போயிற்று. மோட்டார் ஓடினால் ஓடியது என்று எழுது, நின்றால் நின்றது என்று எழுது, உன் கருத்தை வீட்டில் வைத்துக்கொள் என்பார் எங்கள் மேனேஜர். அப்படியே எழுதப் போகிறேன்.

அவளுக்குப் பார்க்கின்சன் வந்து நாலு வருஷம். முதலில் கை நடுங்கியது. அப்புறம் கையெழுத்து எறும்பு போலச் சின்னதாகியது. இப்போது கால். நடந்து வருகிறவள் திடீரென்று நின்றுவிடுவாள், தரையில் பசை தடவியது போல. உடம்பு முன்னால் போகும், பாதம் வராது. அப்படித்தான் விழுவது.

இன்று காலை சமையலறை வாசலில். காபியோடு வந்தாள். தரையில் ஈரம் இருந்தது. "ஈரம், பாத்து வா, வலது காலை மொதல்ல வெய்யி, டம்ளரைச் சாய்க்காதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல விழுந்தாள். அடி இல்லை. காபி போயிற்று.

ஜூன் 5, புதன்

இடுப்பு எலும்பு உடைந்தால் அப்புறம் எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை இவள் மறக்கவில்லை. இன்று கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நான் படுத்துட்டா என்னைக் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போவீங்களா?"

"ஏன், போக மாட்டனா?"

"நீங்க போவீங்க. எனக்கு வேண்டாம். நானா நடந்து போற வரைக்கும்தான் இந்த ஊட்ல இருக்கோணும்னு நெனைக்கறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படியெல்லாம் பேசாதே என்று சத்தம் போட்டேன். போட்டுவிட்டு அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். பருப்பு தீய்ந்தது.

தினம் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் உடம்பு இறுகிவிடும், ஆனால் விழக் கூடாது. டாக்டர் சொன்னது இவ்வளவுதான். எங்கள் குடியிருப்புக்குள்ளேயே பூங்கா இருக்கிறது, சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். தினமும் பொழுதோடு நான்தான் கூட்டிப் போகிறேன். கையைப் பிடித்துக்கொண்டு கல், குழி, நாய், திருப்பம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அப்படியும் இன்று திருப்பத்தில் நின்றுவிட்டாள். ஆடிக் காற்று வைகாசியிலேயே ஆரம்பித்துவிட்டது. அதற்கும் சேர்த்து எச்சரிக்கை செய்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

கேஸ்காரன் இப்போது வருகிறேன் என்று போன் செய்தான். இவளுக்கோ நடக்கிற நேரம். கீழ்வீட்டு நாச்சிமுத்து படியில் நின்றிருந்தார். "சித்த இவங்களைக் கூட்டிட்டு ஒரு சுத்து போய்ட்டு வர முடியுங்களா?" என்று நான்தான் கேட்டேன். நானேதான். இதை எழுதி வைப்பது நல்லது.

நாச்சிமுத்து விதைக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊர் ஊராகச் சுற்றியவர். மனைவி போன பிறகு மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் படியில் நிற்பார். யாராவது கிடைத்தால் போதும், பருத்தி விதையில் ஆரம்பித்து மழைக்காலத்தில் பழநிப் பக்கம் பஸ் கிடைக்காமல் நின்ற கதை வரைக்கும் போவார். நான் அவரைப் பார்த்தால் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொள்வேன்.

கேஸ்காரன் வரவில்லை. இவர்கள் வந்தார்கள். முழுச் சுற்றும் போய் வந்திருக்கிறாள், எங்கேயும் நிற்காமல். முகத்தில் வேர்வை. எனக்குச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அம்மிணி ஜோரா நடக்கறாங்க சார்" என்றார் நாச்சிமுத்து.

அம்மிணியாம். அறுபத்தொரு வயதுக்காரியை.

ஜூன் 14, வெள்ளி

இன்று சமையலறையில் ஒருமுறை, காலையில் என்னோடு நடக்கும்போது பூங்காவில் ஒருமுறை நின்றாள். பூங்காவில் நிற்கும்போது நான் ரேஷன் கார்டு விஷயம் சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்ததில் முட்டி லேசாகச் சிராய்த்தது. பொழுதோடு நாச்சிமுத்து வந்து, "நான் வேணா கூட்டிட்டுப் போறனுங்க" என்றார். போனார்கள். நிற்கவில்லை, தடுமாறவில்லை, முழுச் சுற்று.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக இருக்கிறது.

ஜூன் 15, சனி

விழவில்லை. ரசத்தில் உப்புக் கூடிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். நாச்சிமுத்து மருமகள் நேற்றுக் கொடுத்துவிட்ட ரசத்தை மட்டும் நல்லா இருந்துச்சுங்க என்றாள்.

ஜூன் 20, வியாழன்

இன்று இரண்டு பேருக்கும் பின்னால் நடந்தேன். இதில் தவறில்லை. கோளாறு என்றால் மோட்டாரை ஓட விட்டுப் பார்ப்பதுதான் எங்கள் முறை.

அந்த ஆள் அவள் கையைக்கூடப் பிடிப்பதில்லை. பக்கத்தில் நடக்கிறார், அவ்வளவுதான். வாய் மட்டும் மூடுவதே இல்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலை சரிந்த வருஷம் என்ன நடந்தது என்று சொல்லிக்கொண்டே போகிறார். திருப்பம் வருகிறது என்று சொல்வதில்லை. கல்லைக் காட்டுவதில்லை. அவள் பாட்டுக்குக் கால்களைப் பார்த்து எடுத்து வைத்துப் போகிறாள், பள்ளிக்கூடத்துப் பெண் கோட்டில் நடப்பது போல.

எனக்கு என்னவோ செய்தது. வேகமாகப் போய் அவள் பக்கத்தில் சேர்ந்துகொண்டு, "நான் புடிச்சுக்கறேன், நீங்க போங்க" என்றேன். கையைப் பிடித்தேன். "அங்க கல்லு, பாத்து" என்றேன். என் பக்கம் திரும்பினாள். கால் நின்றது. முட்டி போட்டு விழுந்தாள்.

நாச்சிமுத்துதான் ஓடி வந்து தூக்கினார். நானும் தூக்கினேன். யார் முதலில் என்பது முக்கியமில்லை.

வீட்டுக்கு வந்து மருந்து போடும்போது கேட்டேன். "அந்தாளு கூட மட்டும் எப்படி நடக்கற?"

"தெரியலைங்க. நடக்குது."

பொறாமைதான். வேறு பெயர் கிடைத்தால் மாற்றி எழுதிக்கொள்கிறேன். நாற்பது வருஷமாகக் கையைப் பிடித்த எனக்கு நிற்கிற கால், யாரோ ஒரு விதை வியாபாரிக்கு ஓடுகிறது. இதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது?

ஜூன் 27, வியாழன்

டாக்டரிடம் போனோம். நான் எழுதியதைப் படித்துச் சொன்னேன், சொந்த விஷயங்களை விட்டுவிட்டு. கேட்டுவிட்டு அவர் என்னைத்தான் பார்த்தார்.

"அவங்க விழுந்தப்போ எல்லாம் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பாத்து வரச் சொல்லிட்டிருந்தேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"சொல்லாம எப்படி டாக்டர்?"

அவர் எழுந்துகொண்டார். வசந்தாமணியை வெளியே வராந்தாவில் நடக்கச் சொன்னார். நடந்தாள். மெதுவாக, ஆனால் ஒழுங்காக. திரும்பி வரும்போது, "நடந்துட்டே காய்கறிப் பேரு சொல்லுங்கம்மா" என்றார். கத்தரிக்காய் என்றாள். வெண்டைக்காய் என்றாள். புடலங்காய் வருவதற்கு முன் கால் நின்றுவிட்டது. நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நமக்கெல்லாம் நடப்பது பழக்கம். அந்தப் பழக்கத்தை நடத்துகிற இடம் மூளைக்கு அடியில் உள்ளே இருக்கிறதாம். இந்த நோயில் பழுதாவது அந்த இடம்தான். அதனால் இவள் ஒவ்வொரு எட்டையும் யோசித்து வைக்கிறாள். யோசிக்கிற வேலை முன்மூளையினுடையது. சிலருக்கு அங்கேயும் சப்ளை கொஞ்சம் குறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பேசச் சொன்னாலோ, அவர்கள் ஒன்றைக் கவனித்துக் கேட்டாலோ, காலுக்குப் போக வேண்டியது பேச்சுக்குப் போய்விடும். திரும்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து என்றார்.

எனக்கு உடனே புரிந்தது. ஆட்டோ ஸ்டார்ட்டர் போய்விட்டது, இனி ஆள் பக்கத்தில் நின்று கையால் போட வேண்டும். அதோடு வோல்டேஜும் குறைவு. ஒரு லைனில் இரண்டு மோட்டார் போட்டால் இரண்டும் நின்றுவிடும். இதை டாக்டரிடம் சொன்னேன். "கரெக்டா சொன்னீங்க சார். அந்த ரெண்டாவது மோட்டார் நீங்கதான்" என்றார்.

ஆட்டோவில் வரும்போது வசந்தாமணி சிரித்துக்கொண்டே வந்தாள். "தவளை தன் வாயால கெடும்பாங்க. நம்ம ஊட்ல தவளை பேசுது, நான் விழறேன்."

ஜூன் 28, வெள்ளி

வாயை மூடிக்கொண்டு கூட்டிப் போனேன். கல்லைச் சொல்லவில்லை. திருப்பத்தைச் சொல்லவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நடந்தேன். பாதிச் சுற்றில் நின்றுவிட்டாள். விழாமல் பிடித்துவிட்டேன்.

"நான்தான் பேசவே இல்லியே!"

"அதானுங்க. பேசாம வரீங்களே, என்ன கோவமோன்னு யோசிச்சேன். நின்னு போச்சு."

ஜூலை 2, செவ்வாய்

நேற்றும் அப்படித்தான். பேசினாலும் நிற்கிறாள், பேசாவிட்டாலும் நிற்கிறாள். இன்று என்னால் பொறுக்க முடியவில்லை. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"பேச்சுத்தான் ஆகாதுன்னா அந்த நாச்சிமுத்து எவ்வளவு பேசறார்? ஒரு நிமிசம் வாய் ஓயுதா? அவர் கூட மட்டும் எப்படிக் கால் நிக்காம போகுது?"

மாத்திரையை வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். குடித்து முடிக்க நேரமாகும் அவளுக்கு. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அவரு பேசறதை யாரு கேட்டா?" என்றாள்.

"என்ன?"

"அவரு பாட்டுக்குப் பேசறாரு. நான் பாட்டுக்கு நடக்கறேன். ரேடியோ ஓடற மாதிரி. இதுவரைக்கும் அவரு சொன்னதுல ஒண்ணுகூட எனக்குத் தெரியாதுங்க."

"அப்ப நான் பேசினா?"

"நீங்க பேசினா கேக்காம இருக்க முடியறதில்லை. என்ன பண்றது?"

இதை இரண்டு முறை எழுதலாம் போல இருக்கிறது. சாயந்திரம் மார்க்கெட்டில் நல்ல கொய்யாப்பழமாகப் பார்த்து வாங்கி நாச்சிமுத்து வீட்டில் கொடுத்தேன். "நாளையிலிருந்து தெனமும் நீங்களே கூட்டிட்டுப் போங்க. உங்க கூட வந்தாத்தான் நல்லா நடக்கறா" என்றேன். முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மனிதருக்கு முகமெல்லாம் பூத்துவிட்டது.

ஜூலை 4, வியாழன்

நல்ல நடை. தொட்டியில் தண்ணீர் பார்க்க மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். அங்கிருந்து பூங்கா நன்றாகத் தெரிகிறது.

ஜூலை 6, சனி

தொட்டி பார்க்கப் போனேன். நல்ல நடை. நாச்சிமுத்து இரண்டு கையையும் விரித்து ஏதோ அளவு காட்டிக்கொண்டு போனார். அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்தியாக இறங்கினேன். தோசைக்கு மாவு கரைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

மாடியில் துணி காயப்போடப் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது, ஆனால் வெயில் வரும் என்று நினைத்தேன்.

வசந்தாமணி சிரித்தாள். இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. அவர் என்னவோ சொன்னார், இவள் சிரித்தாள்.

கேட்காமல் எப்படிச் சிரிக்க முடியும்?

ஜூலை 10, புதன்

"நேத்து என்ன சிரிப்பு?"

"எப்ப?"

"நடக்கும்போது."

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க எங்கிருந்து பாத்தீங்க?"

தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்க்கப் போனதைச் சொன்னேன்.

"அணிலு ஒண்ணு பெஞ்சு மேல உக்காந்து அவரு மாதிரியே ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டிருந்துச்சு. அதுக்குச் சிரிச்சேன்" என்றாள்.

நம்புகிற மாதிரிதான் இருக்கிறது. நம்பினேன். ராத்திரிக்குச் சேமியா உப்புமா.

ஜூலை 12, வெள்ளி

அந்தப் பூங்காவில் அணில் இருப்பதாக எனக்கு நினைவில்லை.

இன்று பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் பேசிக்கொண்டிருந்தார், இவள் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி நடந்தாள். விழவில்லை. அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் நின்றாள். நின்றால் என்ன அர்த்தம் என்று டாக்டர் விளக்கிச் சொன்ன பிறகு அதை எப்படிப் பார்க்காமல் இருப்பது? கேட்டிருக்கிறாள். ஒரு வார்த்தையாவது உள்ளே போயிருக்கிறது.

எனக்குப் பிடித்ததே அந்த ஒன்றுதான். அவள் காது எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிகிறது. இந்த வயதில் இது கேவலம், தெரியும். தெரிந்தால் எரியாமல் இருந்துவிடுமா?

ஜூலை 15, திங்கள்

மகள் இந்துமதி ஓசூரிலிருந்து போன் செய்தாள். அம்மா எப்படி இருக்கிறார் என்றாள். நன்றாக நடக்கிறாள் என்றேன். "அப்புறம் ஏம்ப்பா உங்க குரல் இப்படி இருக்குது?" என்றாள். சளி என்றேன்.

ஜூலை 17, புதன்

விழுந்துவிட்டாள்.

நடைபாதைத் திருப்பத்தில். நாச்சிமுத்து கூட இருந்தார். நான் மாடியில் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அண்ணாந்து திரும்புவது தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை, கைப்பிடிச் சுவர் மறைத்தது. எப்படிப் படியிறங்கினேன் என்று நினைவில்லை.

கையை ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது. இடுப்புத் தப்பித்தது. எக்ஸ்ரே எடுக்கிற வரைக்கும் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இடுப்பு இல்லியே, இடுப்பு இல்லியே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கை வலிக்கிறது என்றாள்.

நாச்சிமுத்து ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. வெளியே வந்து நான் அவரைக் கேட்ட முதல் கேள்வி, "அவகிட்ட என்ன சொல்லிட்டிருந்தீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியே போய்விட்டார்.

ஜூலை 18, வியாழன்

மாவுக்கட்டு போட்டிருக்கிறது. தலை வாரிவிட்டேன். பின்னல் போட எனக்குத் தெரியவில்லை. கொண்டை மாதிரி ஒன்று வந்தது. அவள் கண்ணாடியில் பார்த்து, "பரவால்லைங்க" என்றாள்.

"அந்தாளு என்ன சொன்னார்? ஏன் திரும்பின?"

"அவரு மேல ஒண்ணும் தப்பில்லைங்க. விடுங்க."

விடு என்கிறாள். அவருக்காகப் பேசுகிறாள். இன்று முழுக்க அவளோடு சரியாகப் பேசவில்லை. அதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

ஜூலை 22, திங்கள்

ஊசி மாத்திரையால் வலி குறைந்திருக்கிறது. ஆனால் நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்கிறாள். பயம். நடக்காமல் இருந்தால் உடம்பு இறுகிவிடும் என்று டாக்டர் போனில் எச்சரித்தார். கை இப்படியே இருக்கட்டும், நடையை நிறுத்தாதீர்கள் என்றார்.

நான் கூட்டிப் போக முயன்றேன். வீட்டுக் கூடத்திலேயே நின்றுவிட்டாள். இந்த முறை நான் பேசவில்லை, கோபமாகவும் இல்லை. நான் பயந்துகொண்டிருந்தேன். அதைக் கேட்டிருக்கிறாள்.

நாச்சிமுத்து படியில் நிற்பதில்லை. கதவு சாத்தியே இருக்கிறது.

ஜூலை 25, வியாழன்

கழுத்து ஒரு பக்கமாக இறுகத் தொடங்கிவிட்டது. நாற்காலியிலிருந்து தூக்கித்தான் விட வேண்டியிருக்கிறது. கழிவறைக்கு நான்தான் பிடித்துக் கூட்டிப் போகிறேன். வெளியே வரும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அன்றைக்குக் கீரை ஆயும்போது சொன்னாளே, அது இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

ஜூலை 27, சனி

கீழே போய் அவர் கதவைத் தட்டினேன்.

லுங்கியோடு வந்தார். உட்காரச் சொல்லவில்லை. நிலைப்படியைத் தாண்டாமல் நின்றார்.

"அவ நடக்க மாட்டேங்கறா. நீங்க வந்து கூட்டிட்டுப் போகோணும்" என்றேன்.

"வேண்டாமுங்க சார். என்னால ஒருக்கா விழுந்தது போதும்."

"என்னதான் சொன்னீங்க அன்னைக்கு?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார். "'அம்மிணி, சார் மேல நின்னு பாத்துட்டிருக்காரு'ன்னு சொன்னனுங்க. அவ்வளவுதான். அத்தன நாளா நான் பேசினேன், ஒண்ணும் காதுல விழலை. அது ஒண்ணு விழுந்துச்சு பாருங்க. சடார்னு திரும்பிட்டாங்க."

அவர் வீட்டுக்குள் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, மருமகள் சட்னி அரைக்கிறாள் போல. அது நிற்கிற வரைக்கும் நின்றேன்.

"தெனமும் நின்னேன்" என்றேன். "தொட்டி பாக்க இல்ல. உங்களைப் பாக்க. அவ உங்க பேச்சைக் கேக்கறாளான்னு பாக்க. எனக்கு உங்க மேல பொறாமை."

அவர் சிரிக்கவில்லை. "என்ற பேச்சை அம்மிணி கேக்கறதில்லைன்னு எனக்குத் தெரியாதுங்களா? நானும் ஊரூரா வித்தவன். கேக்கற மூஞ்சி எது, கேக்காத மூஞ்சி எதுன்னு தெரியாதா?"

"தெரிஞ்சுமா பேசினீங்க?"

"கூட ஒரு ஆளு நடக்குதுல்லங்க. அது போதும்னு இருந்தேன்." லுங்கியை இறுக்கிக் கட்டினார். "என்ற ஊட்டுக்காரி இருந்தா. நான் வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்குள்ள, உள்ளார போட்டதைப் போட்ட எடத்துல உட்டுட்டு வந்து நிப்பா, இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்கறதுக்கு. அவ போனதுக்கப்பறம் நான் பேசி யாரும் நிக்கலை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தம்மா கால் நின்னு போகுது. அதைப் பாத்து எனக்கும் எரிஞ்சுதுங்க சார். வயசான காலத்துல சொல்லிக்க வெக்கமா இருக்குது. உங்க மேல எனக்கு அவ்வளவு பொறாமை."

இரண்டு கிழவர்கள் ஒரு கதவின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம். மருமகள் எட்டிப் பார்த்து, காபி போடட்டுமா மாமா என்றாள். போடச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 29, திங்கள்

மூன்று பேருமாகப் போனோம். நாச்சிமுத்து அவளுக்கு ஒரு பக்கம், நான் கட்டுப் போடாத கையின் பக்கம். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இன்று என் மௌனத்தை யோசிக்க அவளுக்கு இடமில்லை, அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு கொட்டிக்கொண்டே இருந்தது. என்னமோ தாராபுரத்தில் ஒரு மிளகாய் விவசாயி, அவருடைய எருமை. முதலில் காலை இழுத்து இழுத்து வைத்தாள். பிறகு அடி சீரானது. திருப்பத்தில் என் உள்ளங்கை வேர்த்தது. அவள் கையும் வேர்த்தது. திரும்பிவிட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். நாச்சிமுத்து தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று குழாய்ப் பக்கம் போனார். அங்கே போய் ரொம்ப நேரம் கை கழுவினார்.

"உக்காந்திருக்கேன். இப்பப் பேசலாமுங்க" என்றாள் வசந்தாமணி.

சேர்த்து வைத்திருந்தது நிறைய இருந்தது. வந்தது இதுதான். "நான் மாடிக்குப் போனது தொட்டி பாக்க இல்லை."

"அந்தத் தொட்டில அத்தன தடவை பாக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமா? தெரிஞ்சும் அன்னைக்கு ஏன் திரும்பின? திரும்பினா விழுவோம்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

மாவுக்கட்டை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பேச்சு இப்போது மெதுவாகத்தான் வருகிறது. காத்திருந்தேன்.

"யோசிச்சுத் திரும்பலைங்க. நீங்க இருக்கீங்கன்னா திரும்பிப் பாக்கறது நாப்பது வருசப் பழக்கம். நடக்கற பழக்கம் போயிருச்சு. இது போக மாட்டேங்குது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் எழ வேண்டும் என்று கையை நீட்டினாள். அதனால் சொல்லவில்லை. எழுப்பி நிறுத்தினேன். நாச்சிமுத்து ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்து, அந்த எருமையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். நடந்தோம்.